தயிருக்குக் காது மருந்து

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் மொத்தம் ஆறரைப் பேர். நான். என் வீட்டுக்காரி. மில் கேன்டீன் மேனேஜர். சமையல் மாஸ்டர். பஞ்சு சோதிக்கிற லேப்காரர். யூனியன்காரர் ஒருவர். மீதி அரை ஆள் வாட்ச்மேன். கேட்டை விட்டு நகரக்கூடாது என்று அவருக்கு உத்தரவு. கேன்டீனின் பின்வாசல் கேட்டை ஒட்டியே இருந்ததால், ஒரு காலை உத்தரவுக்கும் ஒரு காலை வேடிக்கைக்கும் கொடுத்து நின்றார். அவரைப் பாதியாகத்தான் கணக்கில் எடுக்க முடியும்.

இதை இவ்வளவு திருத்தமாக எழுதக் காரணம் உண்டு. பிற்பாடு, “நானுந்தான் அங்க இருந்தனுங்க, எங் கண்ணால பாத்தேன்” என்று சொன்னவர்கள் அறுபது பேராவது தேறுவார்கள். அந்தப் பின்வாசலில் அறுபது பேர் நிற்க இடமே கிடையாது. எட்டாவது ஆள் ஒருவர் வந்திருந்தால் தயிர்க் கேன் மேல்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

எழுபதுகளின் கடைசி அது. புதுச்சத்திரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வீடு. எருமை மூன்று. அது போதாமல் அக்கம்பக்கத்துத் தோட்டத்துக்காரர்களிடமும் பால் வாங்கி, காய்ச்சி, உறை ஊற்றி, காலை முதல் பஸ்ஸில் ஏற்றி, சேலம் போகிற வழியில் இருந்த ஒரு நூல் மில்லின் கேன்டீனுக்குத் தயிர் ஊற்றிக்கொண்டிருந்தோம். தினம் இருபது லிட்டர் கேன் இரண்டு. “ஊற்றிக்கொண்டிருந்தோம்” என்று பன்மையில் சொல்கிறேனே தவிர, காய்ச்சுவதும் உறை ஊற்றுவதும் அவள் வேலை. கேனை பஸ்ஸின் கூரைமேல் ஏற்றுவதும், ஏற்றிய பிறகு கவலைப்படுவதும் என் பங்கு.

கவலைப்படுவதில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம் இருந்தது. ஏழாம் வகுப்பு முழுப் பரீட்சையில் கணக்குத் தாள் கொடுப்பதற்கு முன்பே வயிறு வலிக்கிறது என்று எழுந்து வந்தவன் நான். வலி அன்று சாயங்காலமே போய்விட்டது. நான்தான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போகவில்லை. அந்தத் தாளில் என்ன கேட்டிருப்பார்கள் என்று இப்போதும் சில சமயம் யோசிப்பதுண்டு. கவலை வந்தால் நகத்தோரத்துத் தோலைப் பல்லால் பிய்க்கிற வழக்கமும் அன்றைக்குப் பிடித்ததுதான். இந்தப் பழக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

மில் தயிர் நின்றுபோனால் எங்களுக்கு வேறு போக்கு கிடையாது. நாற்பது லிட்டர் தயிரைத் தினமும் வாங்கிக்கொள்ள எங்கள் பக்கத்தில் எவரும் இல்லை. எருமையில் இரண்டை விற்க வேண்டும், மூன்றாவதன் பாலை நாங்களே குடிக்க வேண்டும். இதைத் தினமும் இரண்டு வேளை நினைத்துக்கொள்வேன். பல் விளக்கும்போது ஒரு தடவை, பஸ்ஸில் ஒரு தடவை.

ஒரு சித்திரை மாதத்துக் காலையில், பஸ் மல்லூர் தாண்டிப் போகும்போது மேலே டப்பென்று ஒரு சத்தம். டிரைவர் டயர் என்று நினைத்து ஓரம் கட்டினார். இறங்கி ஒவ்வொரு டயராக உதைத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. போனது என் கேனின் மூடி. அரை பர்லாங்கு பின்னால் ரோட்டில் மல்லாந்து கிடந்தது. நான் ஓடிப்போய் எடுத்து வந்தபோது ஜன்னலோரம் இருந்த ஒரு பெரியவர், “ஏனுங்க, கேன்ல இருக்கறது தயிரா, வேட்டா?” என்று கேட்டார். பஸ் முழுவதும் சிரித்தது. எனக்கு அதுவே ஒரு வாரத்துக்குப் போதுமான கவலை. ஆனால் விஷயம் அதோடு நிற்கவில்லை.

கேன்டீனில் திறந்து பார்த்தால் தயிர் ஆப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. கனிந்த வாழைப்பழ வாசம். அதற்கு அடியில் இன்னொரு வாசம், கள்ளு. வேறு தயிர் வாங்க நேரமில்லாததால் சமையல் மாஸ்டர் அதையே பரிமாறிவிட்டார். யூனியன்காரர் மத்தியானம் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, ரொம்ப நாளைக்கு அப்புறம் மனசு லேசாக இருக்கிறது என்று நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். மதுவிலக்கு அமலில் இருந்த காலம். மறுநாள் வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு வருகிறவர்கள்கூடத் தூக்குப்போசியைத் திறக்காமல் கேன்டீனில் வந்து வரிசையில் நின்றார்கள். மேனேஜருக்கு முதலில் சந்தோஷம். காரணம் தெரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது.

என்னைக் கூப்பிட்டு நிற்கவைத்து அவர் சொன்னது ஒரே வாக்கியம். “இன்னொருக்கா இந்த மாதிரி வந்தா அன்னிக்கோட உங்க ஆர்டரு நிக்கும், சொல்லீட்டேன்.”

வெளியே வந்தால் யூனியன்காரர் சைக்கிளோடு காத்திருந்தார். தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனார். “அந்த மாதிரியே வாரத்துக்கு ஒரு நாளு ஊத்த முடியுங்களா? சனிக்கெழம மட்டும் போதும்.”

ஈஸ்ட் என்ற வார்த்தையை அதற்குப் பிறகுதான் கேள்விப்பட்டேன். பால் குளிரூட்டும் நிலையத்தில் பால் சோதிக்கிற ஒருவர் எனக்குத் தெரிந்தவர். ரொட்டிக் கடையில் மாவை உப்ப வைக்கப் போடுவார்களே, அந்தச் சாதிதான் தயிருக்குள் புகுந்திருக்கிறது என்றார். கண்ணுக்குத் தெரியாதாம். காற்றிலும் துணியிலும் இருக்குமாம். கண்ணுக்குத் தெரியாத ஒன்று எங்கேயும் இருக்கும் என்று என்னைப் போன்ற ஆளிடம் சொல்லவே கூடாது.

அது புகுந்துவிட்டதா இல்லையா என்பது முதல் பஸ்ஸுக்குள் தெரிந்தாக வேண்டும். அதுதான் சங்கடம். வாசம் வருகிற வரைக்கும் காத்திருந்தால் மத்தியானம் ஆகிவிடும்; தயிர் அதற்குள் தொழிலாளி வயிற்றில் இருக்கும். என் வீட்டுக்காரி சட்டிமேல் காதை வைத்துக் கேட்பாள். உள்ளே சொய்யென்று சத்தம் வந்தால் கெட்டதாம். அவள் காதுக்குக் கேட்டது. என் காதுக்கு எல்லாச் சட்டியிலும் கேட்டது. யாரோ சொன்னார்கள் என்று சட்டி வாய்க்குள் தீக்குச்சி கொளுத்திப் பிடித்துப் பார்த்தேன். அணைந்தால் உள்ளே கேஸ் இருக்கிறது என்று அர்த்தம். காற்றுக்கும் அணைந்தது, என் மூச்சுக்கும் அணைந்தது. ஒரு வாரத்தில் பதினான்கு தீப்பெட்டி தீர்ந்தது. பிறகு தயிரை சோடா பாட்டிலில் ஊற்றி வாயில் பலூன் கட்டினேன். பலூன் உப்புவதற்குச் சாயங்காலம் ஆனது. உப்பியது ஈஸ்ட்டாலா வெயிலாலா என்பதும் தெரியவில்லை. பஸ்ஸுக்குப் போகிறவர்கள் எங்கள் வீட்டு வாசலில் வரிசையாக நின்ற சிவப்பு பலூன்களைப் பார்த்துவிட்டு, என்ன விசேஷம் என்று கேட்டுப் போனார்கள்.

குளிரூட்டும் நிலையத்துக்காரரிடமே மறுபடி போனேன். அவர் ரொம்ப சாதாரணமாகச் சொன்னார்: காதில் சீழ் வந்தால் விடுகிற நுரை மருந்து இருக்கிறதல்லவா, ஹைட்ரஜன் பெராக்சைடு, அதில் ஒரு சொட்டைத் தயிர்மேல் விட்டுப் பாருங்கள், காய்ச்சின பாலில் நல்லபடியாக உறைந்த தயிர் சும்மா இருக்கும், ஈஸ்ட் இருந்தால் இரண்டு நிமிஷத்தில் நுரை கட்டும்.

மருந்துக் கடைக்காரர் யாருக்குக் காது என்று கேட்டார். தயிருக்கு என்று சொல்ல வெட்கப்பட்டு மாமியாருக்கு என்று சொல்லிவிட்டேன். வாரம் ஒரு பாட்டில் வாங்கினேன். இரண்டு மாதம் கழித்து என் மாமியார் தலைவலி மாத்திரை வாங்க அந்தக் கடைக்குப் போனபோது, அந்த மனிதர் கல்லாவிலிருந்து எழுந்து வந்து அவர் காதோரம் குனிந்து ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தியிருக்கிறார். ஏன் கத்தினார் என்று மாமியாருக்குக் கடைசிவரை தெரியாது.

மருந்து வேலை செய்தது. ஒவ்வொரு சட்டியாகச் சொட்டு விட்டுப் பார்த்ததில், ஒரு குறிப்பிட்ட துணி போட்டு மூடிய சட்டிகளில் மட்டும் நுரை வந்தது. அந்தத் துணியைத் துவைத்து என் வீட்டுக்காரி எங்கே காயப்போடுகிறாள் என்று பின்னாலேயே போய்ப் பார்த்தேன். எருமைக்காக, ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலையிலிருந்து வாங்கிப் போட்டிருந்த திப்பி மூட்டை மேல். கிழங்கு அரைத்து மாவு எடுத்த பிறகு மிஞ்சுகிற சக்கை அது. ஈரத்தோடு புளித்துக் கிடந்தது. துணியைக் கொடிக்கு மாற்றினோம். நுரை நின்றது. கதை இங்கேயே முடிந்திருக்கலாம்.

ஆனால் பாட்டிலில் பாதி மருந்து மிச்சம் இருந்தது. இட்லி மாவில் ஒரு சொட்டு விட்டேன், நுரைத்தது. நறுக்கிய உருளைக்கிழங்கில் விட்டேன், பொங்கியது. வாழைப்பழம், கறந்த பச்சைப் பால், கசக்கிய கறிவேப்பிலை, எருமையின் எச்சில், என் எச்சில், எல்லாம் நுரைத்தன. சோறு நுரைக்கவில்லை. வெந்தது எல்லாம் சும்மா இருந்தது, பச்சையாக இருந்தது எல்லாம் பொங்கியது. அதற்கு வேறு காரணம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. எங்கள் தயிரைத் தவிர உலகம் முழுக்க ஈஸ்ட் பிடித்துவிட்டது என்றே முடிவுக்கு வந்தேன்.

“ஏழாங் கிளாஸோட நின்னீங்களோ, இந்த ஊடு பொழச்சுது” என்றாள் என் வீட்டுக்காரி. “இன்னும் நாலு கிளாஸு படிச்சிருந்தா எம்மேலயும் சொட்டு உட்டுப் பாத்திருப்பீங்க.”

அவள் குடித்து வைத்த டம்ளரில் ஏற்கெனவே பார்த்துவிட்டேன் என்பதை நான் சொல்லவில்லை.

நாற்பது நாள் ஒரு புகாரும் இல்லை. அப்புறம்தான் சமையல் மாஸ்டர் தயிரில் மறுபடியும் வாசம் வருகிறது என்று மேனேஜரிடம் சொன்னார். அவருடைய மச்சான் ஆட்டையாம்பட்டியில் தயிர் வியாபாரம் பண்ணிக்கொண்டிருந்தார் என்பதை இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். எனக்கு வாய் சும்மா இருந்ததா? சந்தேகம் இருந்தால் சோதித்துப் பார்த்துவிடலாமே, இரண்டு நிமிஷ வேலைதானே என்று நானே எடுத்துக் கொடுத்தேன். அவர் உடனே ரிஜிஸ்தரைத் திறந்து எழுதினார்: வியாழக்கிழமை காலை சோதனை. நுரைத்தால் அன்றோடு ஆர்டர் ரத்து.

புதன்கிழமை முழுவதும் நான் சாப்பிடவில்லை. நகத்தோரத்தை மட்டும் சாப்பிட்டேன். வியாழக்கிழமை பஸ்ஸில் என் வீட்டுக்காரியும் ஏறிக்கொண்டாள். ஏன் என்று கேட்டதற்கு, அவர்கள் எது சொன்னாலும் நீங்கள் ஆமாங்க என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவீர்கள், அதனால்தான் என்றாள். ஆமாம் என்றேன்.

மில்லில் சோதனை என்ற வார்த்தைக்கு உரிமை லேப்காரருக்குத்தான் இருந்தது. அவர் வாழ்நாளில் பஞ்சைத் தவிர எதையும் சோதித்ததில்லை. இருந்தாலும் ஒரு கண்ணாடித் தகடு, பஞ்சு இழை தெரிவதற்காக விரிக்கிற கறுப்புத் துணி, ஸ்டாப் வாட்ச், அச்சடித்த ஒரு படிவம் எல்லாம் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். படிவத்தில் ‘இழை நீளம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. கேனுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அதில் ‘இல்லை’ என்று எழுதினார். இரண்டு கேனில் ஒன்றைத் தொட்டு, இதுதான் என்றார். பஞ்சு மூட்டையில் எப்போதும் ஐந்து இடத்தில் எடுக்க வேண்டும், மேல், நடு, இரண்டு பக்கம், அடி. தயிருக்கும் அதுதான் முறை என்றார். யாரும் மறுக்கவில்லை. நான் கொண்டுபோயிருந்த மருந்து பாட்டிலையும் அவரே வாங்கிக்கொண்டார். சமையல் மாஸ்டர் தொட்டால் நான் தகராறு பண்ணுவேன் என்று மேனேஜர் யோசித்து, தயிரை நானே எடுத்துவைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

மேலே எடுத்தேன். கண்ணாடியில் வைத்தேன். சொட்டு விழுந்தது. லேப்காரர் கடிகாரத்தை அமுக்கினார். இரண்டு நிமிஷம் ஆறரைப் பேரும் ஒரு கரண்டி நுனித் தயிரை முறைத்துப் பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை. நடுவில் எடுத்தது, அதுவும் சும்மா இருந்தது. இடது பக்கம், வலது பக்கம், இரண்டும் அப்படியே. நான்காவது முடியும்போது சமையல் மாஸ்டர் அடுப்பைப் பார்க்க வேண்டும் என்று உள்ளே போகப் பார்த்தார். மேனேஜர் நிற்கச் சொன்னார். வாட்ச்மேன் முக்கால் ஆளாகியிருந்தார்.

ஐந்தாவது, அடி. கரண்டிக் காம்பு எட்டவில்லை. முழங்கை வரைக்கும் கையை விட்டு, அடியில் இருந்ததை விரல் நுனியில் எடுத்துவந்து கண்ணாடியில் தடவினேன். கேன்டீன் தயிர் என்பதால் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சொட்டு விழுந்தது.

கடிகாரத்தை அமுக்குவதற்கு முன்னாலேயே பொங்கிவிட்டது. வெள்ளை வெளேரென்று, சின்னச் சின்னக் குமிழியாக, பால் பொங்குகிற மாதிரி. மேனேஜர் பேனா மூடியைக் கழற்றுகிற சத்தம் எனக்குக் கேட்டது. ‘ஐந்தாவது – நுரைத்தது’ என்று எழுதினார். எழுதி அடிக்கோடும் போட்டார். எருமையில் எந்த இரண்டை விற்பது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். யூனியன்காரர் கேனை ஆசையாகப் பார்த்து, அப்ப இது சனிக்கிழமைத் தயிர்தானா என்று கேட்டார்.

என் வீட்டுக்காரி தயிரைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையால் என் விரலைத் துடைத்தாள். துணியில் ஒரு சிவப்புப் பொட்டு. லேப்காரர் கையிலிருந்த பாட்டிலைக் கேட்காமலேயே வாங்கி என் விரல்மேல் சாய்த்தாள். எரிச்சலில் நான் ஒரு காலில் நின்றேன். விரல் நுனி பொங்கியது. நகத்தைச் சுற்றி நுரை கோபுரமாக நின்றது.

“தயிர்ல ஒண்ணும் இல்லீங்க” என்றாள் மேனேஜரைப் பார்த்து. “இவுங்க மேலதான் இருக்குது.”

அவள் சொல்ல வந்தது ரத்தத்தை. அவர்கள் புரிந்துகொண்டது ஈஸ்ட்டை. ரத்தம் பட்டாலும் அந்த மருந்து பொங்கும் என்பது அவளைத் தவிர அங்கே இருந்த எவருக்கும் தெரியவில்லை. காதுக்கு விடுகிறவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். லேப்காரர் மறுசோதனை என்று சொல்லித் தன் விரலில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டார். சும்மா இருந்தது. நிம்மதியாகத் துடைத்துக்கொண்டார். சமையல் மாஸ்டர் விரலில் காலையில் வெங்காயம் நறுக்கும்போது பட்ட கீறல் இருந்தது. அது பொங்கியது. அவர் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். யூனியன்காரர் தானாகவே நாக்கை நீட்டினார். அதுவும் நுரைத்தது, இந்த மில்லில் வேலை செய்தால் வேறென்ன ஆகும் என்றார். வாட்ச்மேன் செருப்பு கடித்த புண்ணோடு, தயிர்ப் பக்கம் இருந்த காலை மட்டும் நீட்டினார். பொங்கியது. கேட்டுப் பக்கத்துக் காலை அவர் காட்டவில்லை. என் வீட்டுக்காரியைச் சோதிக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. மேனேஜர் தன்னைச் சோதிக்க ரிஜிஸ்தரில் உத்தரவு இல்லை என்று சொல்லிவிட்டார்.

அப்புறம் அவர் வெகுநேரம் யோசித்தார். ஐந்தாவது கட்டத்தில் எழுதியதை அடிக்க முடியாது, ஆடிட்டில் கேட்பார்கள். ஆனால் ஆர்டரை ரத்து செய்யவும் முடியாது, நான்கு சொட்டு நல்லபடியாக இருக்கிறது. கடைசியில் சொன்னார்:

“தயிரு நல்லா இருக்குது. ஆளுதான் சரியில்ல. நாளையிலருந்து அம்மணி நீங்க கொண்டாங்க. இவரு கேனுக்குப் பத்தடி தள்ளியே இருக்கோணும்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவமானத்தால் இல்லை, ஆர்டர் நிற்கவில்லை என்பதால். ஆமாங்க என்று தலையாட்டினேன். இதற்குத்தான் இவ்வளவு நேரமா என்கிற மாதிரி என் வீட்டுக்காரி பார்த்தாள்.

அதற்கப்புறம் பல வருஷம் அவள்தான் முதல் பஸ்ஸில் போனாள். கூரைமேல் கேன் ஏற்ற கண்டக்டரே இறங்கி வந்தார்; எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. இரண்டு கேன் மூன்று கேனாயிற்று. நான் வீட்டில் பத்தடி தள்ளி உட்கார்ந்து எருமைகளைப் பார்த்துக்கொண்டேன். பத்தடியை அவள் சுண்ணாம்பால் கோடு போட்டே காட்டியிருந்தாள். மேனேஜரின் கட்டளையை மில்லைவிட எங்கள் வீட்டில்தான் ஒழுங்காகக் கடைப்பிடித்தோம்.

ஒரே ஒரு பாக்கி மட்டும் தீரவில்லை. அன்றைய அந்தக் கேனுக்கு, லிட்டர் இரண்டே கால் ரூபாய் வீதம் இருபது லிட்டருக்கு நாற்பத்தைந்து ரூபாய். ஐந்தில் நான்கு சொட்டுத் தேறியதால் ஐந்தில் நான்கு பங்குக்கு முப்பத்தாறு ரூபாய் எண்ணிக் கொடுத்தார் மேனேஜர். மீதிக்கு, ஐந்தாவது சாம்பிளை மறுபடி சோதித்து நுரைக்கவில்லை என்று எழுத வேண்டும் என்றார். கண்ணாடித் தகட்டை லேப்காரர் அப்போதே கழுவிவிட்டார். மிச்சத் தயிர் முழுவதையும் அன்று மத்தியானமே தொழிலாளிகள் சாப்பிட்டார்கள். நுரைத்த தயிர் என்று கேள்விப்பட்டதால் இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார்கள். ஒவ்வொரு மாதமும் பட்டுவாடா அன்று என் வீட்டுக்காரி அதைக் கேட்டாள். அஞ்சாவது சாம்பிளைக் கொண்டாங்க, உடனே குடுத்தர்றேன் என்று மேனேஜர் ஒவ்வொரு மாதமும் சொன்னார். அவருக்குப் பிறகு வந்தவரும் ரிஜிஸ்தரைப் புரட்டிப் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார்.

வரவேண்டியது இன்னும் ஒன்பது ரூபாய்.